எண் போட்ட நான்கு ஜாடிகள்

ஸ்லோக்கன் பள்ளத்தாக்கு
2 நவம்பர் 2023

அன்புள்ள பொல்யா அக்காவுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்த பிறகும் பிரித்திருக்கிறாய் என்றால், மீதியையும் படித்துவிடு. பாதியில் அடுப்பில் போடாதே. ஒன்பது வருடம் கழித்து எழுதுகிறேன். காரணம் என்னவோ வெட்கம் கெட்டதுதான். எனக்கு உன் மூக்கு வேண்டும்.

போன மார்ச்சில் வந்த காய்ச்சலோடு என் மோப்பம் போய்விட்டது. காபி வெந்நீராகிவிட்டது. வெங்காயம் வதக்கினால் சத்தம் மட்டும் கேட்கிறது. இதெல்லாம் போகட்டும். செப்டம்பரில் ஒரு அறை நிறையக் காயப்போட்டிருந்த பூவில் பூஞ்சை பிடித்து, நான் தினமும் உள்ளே போய் வந்தும் தெரியாமல், அத்தனையும் வீணாயிற்று. மூக்கு உள்ளவன் வாசலிலேயே நின்று சொல்லியிருப்பான்.

நான் கஞ்சா வளர்ப்பவன் என்பது உனக்குத் தெரியும். அப்போது ஒளிந்து வளர்த்தேன், இப்போது உரிமம் வாங்கி வளர்க்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். என்னிடம் நான்கு தாய்ச்செடிகள் இருக்கின்றன. இரண்டைத்தான் வைத்துக்கொள்ள இடம். பிப்ரவரியில் பதியன் வெட்ட வேண்டும், அதற்குள் முடிவு செய்ய வேண்டும். எந்தச் செடியில் எத்தனை சதவீதம் என்று பரிசோதனைக்கூடம் சொல்லிவிடும். எது ருசி என்று சொல்லாது. இப்போது பாதிப் பேர் பூவை எரிப்பதில்லை, கருவியில் சுட வைத்து ஆவியாக இழுக்கிறார்கள். எரித்தால் கரி வாடை எல்லாவற்றையும் மூடிவிடும். ஆவியில் இழுப்பவனுக்கு உள்ளது உள்ளபடி நாக்கில் நிற்கும். அவன் ருசி பார்த்துத்தான் வாங்குகிறான்.

என்னோடு வேலை செய்பவர்கள் முப்பது வருடம் புகைத்தவர்கள். அவர்கள் மூக்கும் புகைபோக்கியும் ஒன்று. பிரார்த்தனைக் கூடத்துச் சமையலறையில், அண்டா நிறைய போர்ஷ் சூப் கொதிக்கும்போது, மூடியைத் திறக்காமலே, இதில் யாரோ காய்ந்த சோம்புக்கீரையைப் போட்டுவிட்டார்கள் என்று சொன்னவள் நீ. உன்னைத் தவிர நான் நம்பும் மூக்கு இந்த மாகாணத்தில் இல்லை.

அப்பாவை அடக்கம் செய்த அன்று நடந்ததைப் பற்றியும் எழுத நினைத்தேன். வரவில்லை.

லாரியோன்


கிராண்ட் ஃபோர்க்ஸ்
14 நவம்பர் 2023

தம்பி லாரியோனுக்கு,

தேவனுக்கு மகிமை. இங்கே நானும் செம்யோனும் சுகம். காலையில் மைனஸ் நான்கு, பனி இல்லை. உன் கடிதம் வந்தது ஏழாம் தேதி. ஒரு வாரம் ரொட்டிப் பெட்டிக்குப் பின்னால் வைத்திருந்தேன். பிரித்துப் படித்துவிட்டுத்தான் வைத்தேன்.

செம்யோன் இரண்டு நாள் பார்த்துவிட்டு, "என்ன பொல்யா, ரொட்டி எடுக்கப் போனா ரொட்டியோட வர மாட்டேங்கிற, அங்க என்ன புதையலா இருக்கு?" என்றார். காட்டினேன். படித்துவிட்டு, "பாவம், அவனுக்கு வெங்காய வாசனைகூட வரலியாம்" என்றார். அவருக்கு அது மட்டும்தான் கண்ணில் பட்டது.

நம் டுகோபார் சபைச் சனம் புகையிலையையும் சாராயத்தையும் மாமிசத்தையும் விட்டு நூற்றிருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அறுபத்து மூன்று வயதில் நான் புதிதாக ஒன்று பழக வேண்டும் என்கிறாய். முடியாது.

உனக்கு எழுத வராததை நானே எழுதிவிடுகிறேன். எனக்குக் கணக்கு பாக்கி இருந்தால் உறக்கம் வராது. அன்று அப்பாவின் பெட்டியைச் சுற்றி நின்று, ஒருவருக்குள் இருக்கும் தேவனை ஒருவர் வணங்குகிற நம் வழக்கப்படி எல்லோரும் தரை தொட வணங்கினோம். என் முறை வந்தபோது எதிரில் நீ நின்றாய். நான் வணங்காமல், மேசையில் ரொட்டிக்கும் உப்புக்கும் பக்கத்தில் இருந்த தண்ணீர்க் கூஜாவை எடுத்துக்கொண்டு, நிரப்பப் போகிறவள் மாதிரி வெளியே போய்விட்டேன். கூஜா நிறைந்துதான் இருந்தது. எல்லோரும் பார்த்தார்கள். நீ அப்பாவின் பெட்டிக்கு முன்னால் அந்த வாடையோடு வந்து நின்றாய், லாரியோன். கோட்டிலிருந்து அடித்தது. அப்பா புகைக்கிறவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடாதவர். அதை என்னால் தாங்க முடியவில்லை.

அது போகட்டும். உனக்கு நாக்கில் உப்பும் இனிப்பும் தெரிகிறதா? தெரிந்தால் வழி உண்டு. கிராம்பு, எலுமிச்சைத் தோல், சோம்புக்கீரை விதை மூன்றையும் சின்ன டப்பாவில் வைத்து, காலையிலும் மாலையிலும் முகர். ஒன்றும் தெரியாவிட்டாலும் முகர். பக்கத்து ஊர் லுகேர்யாவுக்கு ஐந்து மாதத்தில் திரும்பியது.

நீ சொன்ன கருவியில் அது எரியுமா, எரியாதா? எரியாது என்றால் எப்படி என்று எழுது. தெரிந்துகொள்வதற்கு மட்டும்.

பொல்யா


ஸ்லோக்கன் பள்ளத்தாக்கு
20 நவம்பர் 2023

அக்கா,

எரியாது. நெருப்பு இல்லை, புகை இல்லை, சாம்பல் இல்லை. சின்ன அடுப்பு ஒன்று பூவைச் சுட வைக்கும். சளி பிடித்தால் நீ போர்வையைப் போர்த்திக்கொண்டு ஆவி பிடிப்பாயே, அதே கதைதான், பாத்திரம்தான் சின்னது.

நீ கேட்டது தெரிந்துகொள்வதற்கு மட்டும். நான் பொட்டலமே அனுப்பிவிட்டேன். வேண்டாம் என்றால் மூடி திறக்காமல் வைத்திரு. சட்டம் அனுமதிக்கிற அளவுதான்.

ஜாடிகள் நான்கு. மூடியில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண் மட்டும். ரகத்தின் பெயர்களை எழுதினால் நீ அத்தனையையும் ஆற்றில் போடுவாய், அப்படிப்பட்ட பெயர்கள். கருவி மூன்று. பேனா மாதிரி இருப்பது கடையில் வாங்கியது, உள்ளே தயார் எண்ணெய். மற்றவர்கள் என்ன விற்கிறார்கள் என்று பார்க்க மட்டும். கையடக்கமாகக் கறுப்பாக இருப்பது உலோக அடுப்பு. மேசைமேல் வைப்பது கண்ணாடிக் குழாய். பின்னவை இரண்டிலும் சூட்டைக் காட்டும் திரை உண்டு. புது பேட்டரி போட்டிருக்கிறேன். 185 வை, அது போதும்.

மிளகு அளவு பூ போதும். ஒரு நாளைக்கு ஒரு ஜாடி. நடுவில் வெறும் ரொட்டியைத் தின்று தண்ணீர் குடி. அன்று வண்டி ஓட்டாதே. மூடி திறந்ததும் என்ன வாசனை, முதல் இழுப்பில் என்ன ருசி, மூன்றாவது இழுப்பில் என்ன, அரை மணி கழித்து உடம்பிலும் மனசிலும் என்ன. நான்கு கட்டம்.

அந்த வாடையைப் பற்றி அன்று நீ கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. இப்போதும் நீ கேட்கவில்லை.

கிராம்பு வைத்திருக்கிறேன். ஒன்றும் தெரியவில்லை. உப்பும் இனிப்பும் தெரிகிறது.

லாரியோன்


கிராண்ட் ஃபோர்க்ஸ்
12 டிசம்பர் 2023

தம்பி லாரியோனுக்கு,

தேவனுக்கு மகிமை. பொட்டலம் வந்து நான்கு நாள் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் மேசையில் ரொட்டியும் உப்பும் தண்ணீரும் வைத்துச் சங்கீதம் பாடிவிட்டு யோசித்தேன். ஒருவன் உதவி கேட்டு வந்து நிற்கிறான். அவன் கேட்பது என் பணமும் இல்லை, என் பெயரும் இல்லை, எனக்குத் தேவன் சும்மா கொடுத்த மூக்கு. அதை இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு வசனமும் கிடைக்கவில்லை. ஒளித்துச் செய்ய மாட்டேன் என்று செம்யோனிடம் சொல்லிவிட்டேன். அவர் கறுப்புக் கருவியைக் கையில் எடுத்துப் பார்த்து, "சர்க்கரை பாக்கிற மெஷினா? எனக்குப் போன வாரம்தானே பாத்தாங்க" என்று விரலை நீட்டினார்.

எல்லாம் பகல் மூன்று மணிக்கு, சாப்பாடு செரித்த பிறகு. திரையில் 185. கணக்கு இதோ.

பேனா: முகர்ந்தேன், இழுக்கவில்லை. ஸ்ட்ராபெரி மிட்டாய், அதன் கீழே இருமல் மருந்து, அதற்கும் கீழே இரும்பு. பூ எங்கேயும் இல்லை. இதை விற்கிறவன் தன் பிள்ளைக்குக் கொடுப்பானா?

உலோகக் கருவி: ருசி நேராக வருகிறது, ஆனால் பல்லில் லேசாகக் காசு கடித்த மாதிரி. கண்ணாடிக் குழாய்: சுத்தம். தண்ணீரைக் கண்ணாடித் தம்ளரில் குடிப்பதற்கும் தகரக் குவளையில் குடிப்பதற்கும் உள்ள வித்தியாசம். இனி கண்ணாடிக் கணக்கை மட்டும் எழுதுகிறேன்.

ஜாடி 1: திறந்ததும் ஆரஞ்சுத் தோல், வெட்டிய பைன் மரம். ருசி, தோலின் வெள்ளைப் பகுதியை நக்கிய மாதிரி லேசான கசப்பு. நன்றாக இருக்கிறது.

ஜாடி 2: பூண்டு, டீசல். செம்யோன் டிராக்டருக்குக் கீழே படுத்துவிட்டு வந்த கால்சட்டை. முப்பத்தெட்டு வருடம் அதைத் துவைக்கிறேன், தெரியாமல் இருக்குமா? இதைக் காசு கொடுத்து வாங்குகிறார்களா?

ஜாடி 3: இதை இரண்டு நாள் பார்த்தேன், பட்டியலில் கூடுதலாக ஒரு வரி இருக்கும். சோம்புக்கீரை விதை. பேரிக்காய்த் தோல், பழமில்லை, தோல். முடிவில் மிளகு. முகர்ந்துவிட்டு மூடியை மூடிய பிறகும் யாரோ அறையில் இருக்கிற மாதிரி இருக்கிறது.

ஜாடி 4: ஹக்கிள்பெரி ஜாம் பொங்கி அடுப்பில் வழிந்த இனிப்பு. முதலில் ஆசையாக இருக்கும், அப்புறம் திகட்டும். ஜாடியின் அடியில் லேசான ஈரம். கவனி, மறுபடி பூஞ்சை வரும்.

மூன்றாவது இழுப்பு: எல்லாவற்றிலும் முதல் இழுப்பு மாதிரியேதான். பூவும் பச்சையாகவே இருந்தது, வீணாக்காமல் அந்தந்த ஜாடியிலேயே திருப்பிப் போட்டேன்.

நான்காம் கட்டம்: ஜாடி 1, இல்லை. ஜாடி 2, இல்லை. ஜாடி 3, அன்று இரவு நன்றாகத் தூங்கினேன், வேறு இல்லை. ஜாடி 4, இல்லை.

என்னைப் பயமுறுத்தி வைத்தது இதுதானா?

பொல்யா


ஸ்லோக்கன் பள்ளத்தாக்கு
18 டிசம்பர் 2023

அக்கா,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். மூன்றாம் ஜாடியைப் பற்றிப் படித்தபோது, காய்ச்சலுக்கு முன்னால் அது எப்படி இருந்தது என்று எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. பேரிக்காய்த் தோல். பத்து வருடம் அந்தச் செடியோடு இருக்கிறேன், அந்த வார்த்தை எனக்குக் கிடைத்ததில்லை. நான்காம் ஜாடியின் ஈரம் உண்மை. அறையைத் திறந்து பார்த்தேன், ஒரு மூலையில் ஆரம்பித்திருந்தது. அந்த அறையை நீதான் காப்பாற்றினாய்.

ஆனால் நான்காம் கட்டம். நாலுக்கும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். பரிசோதனைக்கூடம் ஜாடி இரண்டுக்கு இருபத்தாறு சதவீதம் போட்டிருக்கிறது. எங்கள் ஆட்களில் எருமை மாதிரி இருக்கிறவன் ஒருவன், அதில் மூன்று இழுத்தால் சாயங்காலம் வரை நாற்காலியை விட்டு எழ மாட்டான். வாழ்நாளில் தொடாத உனக்கு ஒன்றுமே ஆகவில்லையா?

பயந்துபோய் முகர்ந்து மட்டும் பார்த்துவிட்டுக் கட்டத்தை நிரப்பினாயா? அப்படியானால் சொல்லிவிடு, தப்பில்லை. உடம்புக்கு என்ன செய்யும் என்று தெரியாமல் நான் தேர்ந்தெடுக்க முடியாது. முன்பும் ஒரு தடவை முகர்ந்து பார்த்தே தீர்ப்புச் சொன்னவள்தானே நீ.

கடைசி வரியை அடிக்கலாம் என்று நினைத்தேன். பேனாவால் எழுதிவிட்டேன்.

லாரியோன்


கிராண்ட் ஃபோர்க்ஸ்
27 டிசம்பர் 2023

லாரியோனுக்கு,

பேனாவால் எழுதியதையும் அடிக்கலாம். நான் அடித்திருக்கிறேன்.

கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் எத்தனை ஜாடி ஊறுகாய் போட்டேன், எந்தத் தேதியில் முதல் உறைபனி, எத்தனை ரொட்டி எந்த மாவில் எழும்பியது, எழும்பாதது, எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் எட்டாவதோடு நின்றவள். கணக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, நானே கற்றேன். அதில் ஒரு பொய் எண் கிடையாது. என் ரொட்டி எழும்பாத நாளையும் எழுதியிருக்கிறேன்.

இழுத்தேன். மூன்று இழுப்பு, பத்து எண்ணும் வரை உள்ளே வைத்து. செம்யோன் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தார். நான் கண்ணை மூடினால், "இருக்கியா, போயிட்டியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவரைக் கேள்.

நீ சொன்ன மாதிரி 185 வைத்தேன். ஒரு டிகிரி கூட்டவில்லை, குறைக்கவில்லை. என் அடுப்பில் ரஸ்க் காயவைக்கிற சூடு அது. ரொட்டிக்கு 375 வேண்டும். ரொட்டிச் சூட்டில் பாதிகூட இல்லாத சூட்டில் மயக்கம் வரவில்லையே என்று என்னைக் கேட்கிறாய். உன் பூவைக் கேள்.

ஜாடிகளைத் தபாலில் திருப்பி அனுப்ப மாட்டேன். வேண்டுமானால் வந்து எடுத்துக்கொண்டு போ.

கிராம்பை விடாதே. எலுமிச்சைத் தோல் காய்ந்திருந்தால் புதிதாக மாற்று.

பொல்யா


ஸ்லோக்கன் பள்ளத்தாக்கு
3 ஜனவரி 2024

அக்கா,

ரஸ்க் என்ற வார்த்தையைப் படித்ததும் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். சிரித்து முடித்ததும் வெட்கமாகிவிட்டது.

நான் சொன்னது செல்சியஸ். நீ வைத்தது ஃபாரன்ஹீட். வெளியே மைனஸ் நான்கு என்று செல்சியஸில் எழுதுவோம், உள்ளே வந்து அடுப்பைத் திருகும்போது 375 ஃபாரன்ஹீட் என்போம். இந்த நாட்டில் பனிக்கு ஒரு அளவு, ரொட்டிக்கு ஒரு அளவு. என் கருவிகள் அமெரிக்காவில் செய்தவை. பேட்டரி மாற்றியதும் பழைய அளவுக்குத் திரும்பியிருக்கின்றன, நான் பார்க்கவில்லை. சுட வைக்கிற சாமான் என்பதால் நீயும் அடுப்புக் கணக்கில் எடுத்துக்கொண்டாய். பூவைத் திருப்பி ஜாடியில் போட்டேன் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்த உடனே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். ஒழுங்காகச் சுட்டிருந்தால் அது காபித்தூள் நிறத்துக்கு வந்திருக்கும்.

ஆக, நீ என் பூக்களை இளஞ்சூட்டில் குளிர்காய விட்டு, அதிலிருந்து பேரிக்காய்த் தோலையும் மிளகையும் கண்டுபிடித்திருக்கிறாய். உன் மூக்கைப் பற்றி நான் குறைவாகத்தான் நினைத்திருந்தேன்.

நான் கேட்டது திரையில் 365. இதற்கு மேல் நீ செய்ய வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. வேண்டாம் என்றால் ஜாடிகளை அப்படியே வை. உண்மையை எழுதினவளைப் பொய்க்காரி என்றேன். மன்னித்துக்கொள்.

மூன்றாம் ஜாடி அன்று நீ நன்றாகத் தூங்கியது பூவால் இல்லை. அது வேறு எதனாலோ.

லாரியோன்


கிராண்ட் ஃபோர்க்ஸ்
16 ஜனவரி 2024, பகல் 3:40

தம்பி லாரியோனுக்கு,

தேவனுக்கு மகிமை. 365 வைத்தேன்.

நான் ஆரம்பித்த கணக்கை முடிக்காமல் விட்டதில்லை என்பதால் செய்தேன், வேறு காரணம் இல்லை. இப்படி எழுதிவிட்டு, இது முழு உண்மையா என்று யோசிக்கிறேன். முழு உண்மை இல்லை. ஜாடிகளை அப்படியே வைத்துவிட்டால் உனக்கு எழுத எனக்கு வேறு காரணம் இருக்காதே என்றும் நினைத்தேன்.

ஒன்பதாம் தேதி ஜாடி 1: ருசி பழையபடி, நான்கு மடங்கு. மூன்றாவது இழுப்பில் உலோகக் கருவியில் வறுத்த சோளம், கண்ணாடியில் இன்னும் ஆரஞ்சு. உடம்பில், சுறுசுறுப்பு. மசாலா அலமாரி முழுவதையும் இறக்கித் துடைத்து எழுத்து வரிசைப்படி அடுக்கினேன். செம்யோனுக்கு இரண்டு நாளாக மிளகு கிடைக்கவில்லை.

பதினொன்றாம் தேதி ஜாடி 2: கால் இரண்டும் மாவு மூட்டை. சோபாவிலிருந்து எழ முக்கால் மணி. உன் எருமையிடம் என் மரியாதையைச் சொல். வயதானவர்களுக்கு வலிக்கு ஆகலாம். கால்சட்டை வாடையை எப்படியாவது சரி செய்.

பதின்மூன்றாம் தேதி ஜாடி 4: சிரிப்பு. செம்யோன் ஒரு காலில் பழுப்பு, ஒரு காலில் கறுப்பு காலுறை போட்டிருந்தார். அதற்கு இருபது நிமிடம் சிரித்தேன். அவர், "முப்பத்தெட்டு வருஷமா இப்படித்தான் போடறேன், இன்னிக்குத்தான் கண்ணு தெரிஞ்சுதா?" என்றார். அதற்கு இன்னும் பத்து நிமிடம்.

இன்று ஜாடி 3. 3:05க்கு இழுத்தேன். இப்போது 3:40. கடிகார முள் மெதுவாகப் போகிறது, ஆனால் அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை. உருளைக்கிழங்கு அடைத்துச் சுட்ட பிரஹி நான்கு தின்றேன். இல்லை, தட்டில் இரண்டு மிச்சம், எட்டு வைத்தேன், ஆக ஆறு. தலை தெளிவாகத்தான் இருக்கிறது, கதவுகள் மட்டும் திறந்திருக்கின்றன. இதைவிட நன்றாகச் சொல்லத் தெரியவில்லை.

கணக்கு முழுமையாக இருக்கட்டும் என்று ஒரு காரியம் செய்தேன். ஜாடி 3இல் ஒரு சிட்டிகையைக் கரண்டியில் வைத்து அடுப்பில் எரித்தேன். ஆவியில் வரும் ருசிக்கும் எரித்த வாடைக்கும் வித்தியாசம் எழுத வேண்டுமே என்று. எரிந்தது. சீ. ஈரத் துணியைக் கருக்கிய வாடை, அதில் சோம்பும் இல்லை, பேரிக்காயும் இல்லை. ஜன்னலைத் திறந்துவிட்டேன். செம்யோன் இன்னும் இருமிக்கொண்டிருக்கிறார்.

பிறகு மூக்கைத் தெளிய வைக்க மறுபடி ஜாடியைத் திறந்தேன். சும்மா, சுடாமல். பச்சையாக.

லாரியோன், அந்த வாசனை எனக்குத் தெரியும்.

ஒரு வாசனையை ஒரு தடவை முகர்ந்தால் எனக்கு மறக்காது, உனக்குத் தெரியும். அப்பாவின் பெட்டிக்கு எதிரில் உன் கோட்டிலிருந்து வந்தது இதுதான். கரண்டியில் எரிந்தது இல்லை. அதில் ஒரு துளிகூட அன்று இல்லை. இப்போது எனக்குப் பக்கத்தில் இரண்டும் இருக்கின்றன, மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன், ஏழு தடவை. உன் கோட்டில் இருந்தது பச்சைப் பூ. அக்டோபர் மாதம். அறுவடை. நீ வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறாய்.

நீ புகைக்கவில்லை.

எனக்கு அன்று இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டையும் முகர்ந்ததே இல்லை, எப்படித் தெரியும்? கஞ்சா என்று தெரியும், அவ்வளவுதான். தெரிந்த அரைக் கணக்கை வைத்துக்கொண்டு முழுத் தொகை போட்டேன். ஒருவனுக்குள் இருக்கும் தேவனை வணங்க வேண்டிய இடத்தில் நிறைந்த கூஜாவை நிரப்பப் போனேன். ஒன்பது வருடமும் மூன்று மாதமும். மாதத்தைச் சரியாக எழுதுகிறேன், ஒவ்வொரு மாதமும் எனக்குத் தெரிந்துதான் போயிற்று.

நீ ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாய் வருகிறது. நான் ஏன் கேட்கவில்லை என்பதுதான் முதலில் வருகிறது.

இப்படி ஒரு நிலையில் எழுதியது செல்லுமா என்று தெரியவில்லை. உறையில் போடாமல் வைக்கிறேன்.

பொல்யா

17 ஜனவரி, காலை 9:15. தலை என்னுடையது. வெறும் வயிற்றில் மறுபடி ஜாடியை முகர்ந்தேன், கரண்டியையும் முகர்ந்தேன். மேலே எழுதிய அத்தனையும் சரிபார்த்தேன். எதையும் அடிக்கவில்லை. பிரஹி மட்டும் ஆறு இல்லை, ஏழு.

முடிவு: வைத்துக்கொள்ள வேண்டியவை 3, 1. கருவி, கண்ணாடி. இத்துடன் நான் நிறுத்துகிறேன். கெட்டது என்று சொல்ல மாட்டேன். என் தலை என் கையில் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.


ஸ்லோக்கன் பள்ளத்தாக்கு
24 ஜனவரி 2024

அக்கா,

கடிதத்தைக் காயவைக்கும் அறையில் நின்றுகொண்டே படித்தேன். பிறகு ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஆட்கள் உள்ளே வந்து பார்த்துவிட்டு, ஏதோ கணக்கு இடிக்கிறது போல என்று நினைத்து வெளியே போய்விட்டார்கள்.

நீ கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். மலைமேல் பனி விழப்போகிறது, பாதையை மூடிவிடுவார்கள், அதனால் அடக்கத்தை ஒரு நாள் முன்னால் வைத்திருக்கிறோம் என்று காலையில் ஆள் வந்து சொன்னான். நான் ஏணிமேல் நின்று கிளைகளைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தேன். என்னிடம் இருந்தது ஒரே ஒரு கறுப்புக் கோட்டு. வீடு முழுக்க அறுவடை ஆட்கள் படுத்திருந்ததால், கசங்காமல் இருக்கட்டும் என்று அதை அந்த அறையிலேயே மாட்டி வைத்திருந்தேன். அப்பாவின் முன்னால் கசங்கிய கோட்டோடு நிற்கக் கூடாது என்று.

ஒரு இழுப்பும் இழுக்கவில்லை. வழி முழுக்க இழுக்க வேண்டும் போல இருந்தது, இழுக்கவில்லை. சொல்லியிருக்கலாம். ஆனால் நீ கூஜாவை எடுத்தபோது அதில் தண்ணீர் தளும்பிக் கீழே சிந்தியது. சிந்துகிற கூஜாவை ஒருத்தி நிரப்ப எடுத்துக்கொண்டு போகிறாள் என்றால், அவளிடம் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டேன். அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு ஒன்பது வருடம் நன்றாகவே வளர்த்தேன். எனக்கு வளர்க்கத் தெரியும் அல்லவா?

மூன்றையும் ஒன்றையும் வைத்துக்கொள்கிறேன். மூன்றாவதற்குக் கடைக்காரர்கள் புதுப் பெயர் கேட்கிறார்கள். உன் பெயரை வைக்க மாட்டேன், பயப்படாதே. பேரிக்காய்த் தோல் என்று வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. நேற்றுக் காலை கிராம்பு டப்பாவைத் திறந்தேன். எரிந்த ரப்பர் வாடை அடித்தது. கிராம்பில் ரப்பர். பத்து மாதமாக ஒன்றுமே இல்லாத இடத்தில் ரப்பர், அக்கா. மூடித் திறந்து மூடித் திறந்து முகர்ந்தேன். கெட்ட வாடைதான், ஆனால் வாடை. முதலில் தப்பாகத்தான் வருமாம், போகப் போகச் சரியாகுமாம். லுகேர்யாவுக்கும் அப்படித்தானா என்று கேட்டு எழுது.

பிப்ரவரி பதினொன்று ஞாயிற்றுக்கிழமை. மலைப்பாதை திறந்திருந்தால் ஜாடிகளை எடுத்துப்போக வரலாம் என்று இருக்கிறேன். கூடத்தில் பிரார்த்தனை பத்து மணிக்குத்தானே? கோட்டு அதேதான். துவைக்கப் போட்டுவிட்டு வருகிறேன். யாருக்கும் மூக்கில் படாது.

லாரியோன்


கிராண்ட் ஃபோர்க்ஸ்
30 ஜனவரி 2024

அன்புள்ள தம்பி லாரியோனுக்கு,

தேவனுக்கு மகிமை. லுகேர்யாவுக்கு முதல் மாதம் எல்லாமே மண்ணெண்ணெயாக இருந்ததாம். ரப்பர் எவ்வளவோ மேல் என்று சொல்லச் சொன்னாள்.

பிரார்த்தனை பத்து மணிக்கு. அரை மணி முன்னால் வந்தால் வண்டி நிறுத்த இடம் கிடைக்கும். மத்தியானத்துக்குப் போர்ஷ், உனக்கு உப்புக் கொஞ்சம் தூக்கலாக, தனிப் பாத்திரத்தில். செம்யோன் இப்போதே மைனஸ் எத்தனை, பாதை திறந்திருக்கிறதா என்று வானொலியைத் திருகிக்கொண்டிருக்கிறார். "அவன் வந்தா நான் என்ன பேசறது? டிராக்டர் பத்திப் பேசலாமா?" என்று கேட்கிறார். பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

கோட்டைத் துவைக்காதே. அந்த அறையிலேயே மாட்டி வைத்து, அப்படியே போட்டுக்கொண்டு வா. யார் மூக்கில் பட்டாலும் படட்டும். நான் நிற்கிற இடம் உனக்குத் தெரியும், பெண்கள் வரிசையில் மூன்றாவது. எனக்கு நேர் எதிரில் நில்.

கூஜாவை அன்று செம்யோன் காலையிலேயே நிரப்பி வைத்துவிடுவார்.

பொல்யா